காதிடம் மெல்லக் கேட்டவர்

மாசி மாதத்து ஒரு காலையில் சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். புத்தூர்த் தோட்டக்காரர் யோகநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கரியரில் வெங்காய மூட்டை இருந்தது. அதை இறக்காமலே நின்றார்.

“மாஸ்டர், உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

“என்னது?”

“டொக்டர் எங்களை விட்டுப் போட்டா. விடியப்புறம், ஆசுப்பத்திரியிலை. தம்பியாரைப் பாக்கப் போன இடத்திலை கேள்விப்பட்டனான்.”

எந்த டொக்டர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு டொக்டர்தான் இருந்தார். பொறுக்கிய கத்தரிக்காயை விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

டொக்டர் றூத் நல்லதம்பியை, இந்த நினைவு மலரை வாசிக்கும் நீங்கள் பலவிதமாக அறிந்திருப்பீர்கள். மருத்துவ மாணவர்களுக்கு அவர் உடற்றொழிலியல் விரிவுரையாளர். மேசையில் விரலால் ஒருமுறை தட்டினால் வகுப்பு அடங்கும். வட்டுக்கோட்டைச் சபையாருக்கு, ஞாயிறு ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே பாடுபவர். அயலவருக்கு, கலியாணம் கட்டாமல் பெரிய வீடொன்றில் தனியே இருந்த கண்டிப்பான மனுசி. நான் அவரை வேறு வழியால் அறிந்தேன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தொடங்கி, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக் களஞ்சிய அறையில் மனிதக் காதுகள் வெளியே விடும் ஒலியை நாங்கள் அளந்துகொண்டிருந்தோம்.

முதலில் அவர் என்னைத் தேடி வந்தது நான் பௌதிகம் படிப்பித்த பாடசாலை ஆய்வுகூடத்துக்கு. அறிமுகப் பேச்சு எதுவும் இல்லை.

“மாஸ்டர், எனக்கு ரெண்டு தொனி வேணும். சுருதி கொஞ்சம் வித்தியாசமா.”

“என்னத்துக்கு?”

“காதுக்குள்ளை விட.”

“விட்டால்?”

“மூண்டாவது ஒண்டு வெளியிலை வரும். அது நாங்கள் விட்டதில்லை. காது விடுறது.”

நான் நம்பவில்லை. காதை உள்வாங்கும் பொருளாக மட்டுமே நான் படித்திருந்தேன், படிப்பித்தும் இருந்தேன். அவர் கரும்பலகையில் ஒரு நத்தை ஓட்டைக் கீறினார். உட்காதில் உள்ள அந்தச் சுருளுக்குள் நுண்ணிய மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன என்றும், ஒலி வந்ததும் அவற்றில் ஒரு பகுதி தாமே துள்ளி அந்த ஒலிக்கு வலுக் கொடுக்கின்றன என்றும், அந்தத் துள்ளலில் சிறிதளவு பின்வழியாகச் செவிப்பறைக்கு வந்து வெளியே கசிகிறது என்றும் விளக்கினார். கலங்கள் நலமாக இருந்தால் மூன்றாவது தொனி வரும். பழுதானால் வராது. ஆளிடம் எதுவும் கேட்கத் தேவையில்லை. பேசத் தெரியாத குழந்தையின் காதையும் இப்படி அறியலாம்.

“வெளிநாட்டிலை உதைச் செய்யினம். எவ்வளவு உரப்பிலை தொனியை விட வேணும் எண்டதிலைதான் ஆளுக்காள் ஒவ்வொண்டு சொல்லினம். அதைப் பாப்பம்,” என்றார்.

நாங்கள் செய்த வேலை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள்தான் இருந்தது: நலமான காது விடும் ஒலி, நாம் விடும் சோதனைத் தொனியின் உரப்போடு எப்படி மாறுகிறது?

களஞ்சிய அறையின் சுவர்களில், சுன்னாகத்தில் வாங்கிய வெங்காயச் சாக்குகளுக்குள் தேங்காய்த் தும்பு அடைத்து, சத்தத்தை உறிஞ்சத் தொங்கவிட்டோம். வெங்காய மணம் கடைசிவரை போகவில்லை. காதுக்குள் பொருந்தும் சிறு குழாய் ஒன்றை அவர் வெளிநாட்டுப் படிப்பு முடிந்து வரும்போது கொண்டுவந்திருந்தார். அதில் நுண்ணிய ஒலிவாங்கி இருந்தது. தொனிகளை உண்டாக்கும் பெட்டியையும், மூன்றாவது தொனியை மட்டும் வடித்து எடுக்கும் பெட்டியையும் நான் கட்டினேன். வடித்த ஒலியின் அளவை ஒரு முள் காட்டும். இயர்போனைப் போட்டால் அதைக் கேட்கவும் செய்யலாம்.

முதல் சில ஆண்டுகள் முழுவதும் தொனிகளை உரக்கவே விட்டோம். முள் நன்றாக எழுந்தது. அந்த ஆண்டுகளின் கடைசியில் எங்களிடம் வந்தவர்களில் ஒருவர் சரோஜா, யோகநாதனின் மனைவி. தர்சினி என்ற பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புத்தூரிலிருந்து வந்திருந்தார். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை. மாமியார் இது செவிடு என்கிறார், தகப்பன் இல்லை என்கிறார். பிள்ளை மடியில் நித்திரையானதும் டொக்டர் இரண்டு காதுகளையும் பார்த்தார். இரண்டிலும் முள் எழுந்தது.

“காது நல்லம்,” என்றார் டொக்டர். “சில பிள்ளையள் கதைக்கச் சுணங்கும். பொறுத்துப் பாருங்கோ.”

சரோஜா அழுதார். யோகநாதன் அடுத்த கிழமை எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு வாழைக்குலை கொண்டுவந்து தந்தார். ஊர்க் கோயிலில் பொங்கல் வைத்ததாகவும் சொன்னார்.

சில மாதங்களின் பின் ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர், அளவைக்குக் காது தருவதாக வந்தார். வலது காது சரி. இடது காதில் குழாயை வைத்ததும் அவர் சிரித்தார்.

“உது செத்த காது, டொக்டர். சின்னனிலை கன்னம் வீங்கிக் கூவைக்கட்டு வந்து செவிடாப் போனது. உதுக்குள்ளை இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது.”

“பரவாயில்லை, அதையும் பாப்பம்.”

முள் எழுந்தது. தர்சினியின் காதுகளில் எழுந்த அதே அளவுக்கு எழுந்தது. டொக்டர் முள்ளையும் அந்த மனிதரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தபாற்காரர் எதையும் உணர்ந்தவராகத் தெரியவில்லை. “என்ன, பாடுதோ?” என்று கேட்டார். டொக்டர் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

பிறகு அலுமாரியிலிருந்து ஒரு முனை அடைத்த சிறு கண்ணாடிக் குழாயை எடுத்து, காதில் வைப்பது போலவே கருவியை அதற்குள் பொருத்தினார். நான் தொனிகளை விட்டேன். முள் எழுந்தது.

“மாஸ்டர், இது கண்ணாடி,” என்றார்.

உரப்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். முள் விழுந்தது, சட்டென்று அடியோடு விழுந்தது. அவரது சொந்தக் காதில் வைத்து அதே குறைந்த உரப்பில் பார்த்தபோது முள் விழாமல் நின்றது. சிறிய அளவுதான், ஆனால் உறுதியாக நின்றது. நாங்கள் அதுவரை அளந்ததில் காது எவ்வளவு, கருவி எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது என்பது அத்துடன் தெளிவாயிற்று. இரண்டு தொனிகளையும் நான் ஒரே சின்ன ஸ்பீக்கரால் அனுப்பியிருந்தேன். உரத்து விட்டபோது அவை ஸ்பீக்கருக்குள்ளேயே கலந்து, காது விட வேண்டிய மூன்றாவது தொனியை அதுவே உண்டாக்கியிருந்தது. வயறிங்கில் வந்த கோளாறு இது என்று அவரிடம் சொன்னேன்.

“வயறிங் உங்கடை. வாய் என்ரை,” என்றார். “அந்தப் பிள்ளைக்குக் காது நல்லம் எண்டு சொன்னது நான்தானே.”

ஸ்பீக்கரை இரண்டாக்கி, ஒவ்வொரு தொனிக்கும் தனி வழி அமைக்க எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. அதற்கிடையில், தொண்ணூறில், சண்டை மறுபடி தொடங்கிக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுவிட்டது. பெற்றோலும் இல்லை. ஆளனுப்பிச் சரோஜாவை வரச் சொல்லலாம் என்று நான் சொன்னேன். பிழையைச் சொல்வதற்கு அவளை ஏன் இவ்வளவு தூரம் சைக்கிளில் இழுக்க வேண்டும் என்று டொக்டர் கேட்டார். ஆகவே நாங்கள் போனோம். அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சேலையைச் செருகிக்கொண்டு பெண்கள் சைக்கிளில் முன்னால் போக, கார்ப் பற்றரியையும் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு நான் பின்னால் மிதித்தேன். வழியில் இரண்டு தடவை ஹெலிகொப்டருக்காக இறங்கி மரத்தடியில் நின்றோம். அவர் பேசியது ஒரு வசனம்தான்: “பற்றரியை வெயிலிலை வையாதேங்கோ.”

தர்சினி முற்றத்தில் வெங்காயத் தாளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் நித்திரையாகும்வரை காத்திருந்து, மெல்லிய தொனிகளை விட்டுப் பார்த்தோம். முள் எழவில்லை. இரண்டு காதிலும் எழவில்லை. டொக்டர் குழாயை எடுத்துத் துடைத்து வைத்தார். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

“தங்கச்சி, நான் போனமுறை சொன்னது பிழை. பிள்ளைக்குக் காது கேக்காது.”

முதலில் பேசியது யோகநாதன்தான். “அப்ப அண்டைக்கு என்ன பாத்தனீங்கள்? நீங்கள் சொல்லித்தானே நாங்கள் கோயிலிலை பொங்கினனாங்கள்? படிச்ச நீங்களே இப்பிடிச் சொன்னால் நாங்கள் ஆரை நம்புறது?”

“என்னை நம்பச் சொல்லி நான் கேக்கேல்லை. பின்னாலை நிண்டு கூப்பிட்டுப் பாருங்கோ. சட்டியைத் தட்டிப் பாருங்கோ. நீங்களே பாருங்கோ.”

யோகநாதன் எழுந்து தோட்டப் பக்கம் போய்விட்டார். சரோஜா பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை. நெடுநேரம் அவளது தலைமயிரைக் கோதிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

“எனக்குத் தெரியும், டொக்டர். தாய்க்குத் தெரியாதோ? ஆனால் நீங்கள் காது நல்லம் எண்டு சொன்னாப் பிறகு, இவள் வேணுமெண்டுதான் கேளாத மாதிரி நிக்கிறாள் எண்டு நினைச்சன். கூப்பிடக் கூப்பிட வராள். கிணத்தடிக்குப் போறாள், போகாதை எண்டு கத்துறன், திரும்பியும் பாராள். அடிச்சுப் போட்டன். கனதரம் அடிச்சுப் போட்டன்.”

 டொக்டர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் பாயில் இன்னும் கிட்டப் போய் இருந்துகொண்டு, பிள்ளை எழும்பும்வரை அசையாமல் இருந்தார். தர்சினி கண் விழித்ததும் தாயின் முகத்தை நாடியில் பிடித்துப் பிள்ளையின் பக்கம் திருப்பினார்.

“இனிக் கதைக்கிறதெண்டால் இவள் உங்கடை முகத்தைப் பாக்கேக்கை கதையுங்கோ. பாக்காட்டில் தோளைத் தொடுங்கோ. இண்டைக்கே தொடங்குங்கோ.”

சரோஜா பிள்ளையின் தோளைத் தொட்டார். பிள்ளை முதலில் ஒதுங்கினாள். அடி விழும் என்று நினைத்திருக்க வேண்டும். நான் பெட்டிகளைக் கட்டும் சாட்டில் முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு டொக்டர் ஒவ்வொரு மாதமும் புத்தூருக்குப் போய்வந்தார். காது கேளாத பிள்ளைகளுக்கான பாடசாலையில் தர்சினியைச் சேர்க்க அலைந்ததும் அவர்தான். யோகநாதன் நீண்ட காலம் அவருடன் கதைக்கவில்லை. டொக்டர் வரும் நாளில் தோட்டத்திலேயே நிற்பார். ஒருநாள் டொக்டரின் சைக்கிள் சில்லுக்குக் காற்றுப் போயிருந்ததைக் கண்டு ஒட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து கதைத்தார்.

பழைய அளவைகள் அனைத்தையும் டொக்டர் விட்டுவிட்டார். நான் சிலவற்றையாவது காப்பாற்றலாம் என்றேன். “எது எண்டு தெரியாததைக் காப்பாத்தி என்ன செய்யிறது?” என்று கேட்டுவிட்டு, புதிதாகத் தொடங்கினார். இரண்டாம் தடவை எங்களுக்கு ஓர் அனுகூலம் இருந்தது. மின்சாரம் இல்லாததால் மின்கம்பிகளின் இரைச்சல் கருவிக்குள் வரவில்லை. தோட்டங்களில் இறைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெய் இன்றிப் பெரும்பாலும் ஓய்ந்து கிடந்தன. அளப்பதற்கு இவ்வளவு அமைதி வேறெங்கும் கிடைக்காது என்று அவர் ஒருமுறை சொன்னார். அதில் கேலி இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. பற்றரியைச் சைக்கிள் டைனமோவால் மின்னேற்றினோம். மாணவர்கள், ஆசிரியர்கள், தோட்டக்காரர், சபையார் என்று பலர் வந்து சாக்குகளின் நடுவில் அசையாமல் இருந்து காது தந்தார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலரும் அப்படி இருந்தவர்கள்தான்.

நாங்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நலமான காது மெல்லிய தொனிகளுக்கே பதில் சொல்லத் தொடங்கிவிடும். தொனிகளை உரப்பாக்க உரப்பாக்க அந்தப் பதில் அதே கதியில் வளர்வதில்லை. ஓரளவில் தன்னை அடக்கிக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் அடக்குவதில்லை; ஏற்ற ஏற்ற ஏறிக்கொண்டே போகும். மெல்லிய உரப்பில் இரண்டு தொனிகளையும் சமமாக விடுவதைவிட, சுருதி தாழ்ந்ததைச் சற்றுக் கூட்டியும் உயர்ந்ததைச் சற்றுக் குறைத்தும் விட்டால் காதின் பதில் தெளிவாக வரும். உரப்புக் கூடினால் அந்த வித்தியாசம் தேவைப்படுவதில்லை. மாணவர்களுக்கு அவர் இதையே வேறு சொற்களில் சொன்னார்: “உரத்துக் கேட்டால் ஆரும் பதில் சொல்லுவினம், கண்ணாடியும் சொல்லும். மெல்லக் கேளுங்கோ.”

கொழும்புக்குப் போன ஒருவர் மூலம் கட்டுரையை வெளிநாட்டுக்கு அனுப்பினோம். பதில் வரப் பல மாதங்கள் சென்றன. முடிவுகள் சரி, ஆனால் பெரும்பகுதி ஏற்கெனவே வேறு நாடுகளில் வெளிவந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அந்த இதழ்கள் எதுவும் எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. நான் கடிதத்தை மறுபடி வாசித்து அவரிடம் கொடுத்தேன். அவர் கடிதத்தை மடித்து வைத்தார்.

“நல்லது. அப்ப நாங்கள் அளந்தது சரி.”

“டொக்டர், இவ்வளவு வருச வேலை.”

“சரியெண்டு சொல்லியிருக்கினம் மாஸ்டர். வேறை என்ன வேணும்?”

அடுத்த சனிக்கிழமையும் அவர் அறையைத் திறந்து வைத்திருந்தார்.

சந்தியொன்றில் குண்டு விழுந்தபோது அவர் சைக்கிளில் அந்த வழியால் போய்க்கொண்டிருந்தார். இடது பக்கத்தில், ஒரு மதிலுக்கு அப்பால் விழுந்தது. உடம்பில் சிராய்ப்பு மட்டுமே. அடுத்த நாள் நான் பார்க்கப் போனபோது கருவிகளைத் துடைத்து மேசையில் வைத்திருந்தார்.

“இருங்கோ. என்ரை காதைப் பாருங்கோ.”

வலது காது வழமை போலப் பதில் சொன்னது. இடது காது மெல்லிய தொனிகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. உரப்பைக் கூட்டியபோது ஏதோ கொஞ்சம் வந்தது. அவர் தலையாட்டினார். உரத்த தொனியால் மட்டும் பார்த்திருந்தால் இந்தப் பழுது பிடிபட்டிருக்காது என்று, யாரோ ஒருவரின் காதைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். சில கிழமைகளில் திரும்பக்கூடும் என்று தொடர்ந்து பார்த்தோம். சிறிது திரும்பியது, பிறகு நின்றுவிட்டது. 

“ஏன் மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டார். “ஒரு நல்ல காதும் ஒரு பழுதான காதும் ஒரே தலையிலை. ஒப்பிட்டுப் பாக்க இதைவிட வசதியான ஆள் ஆர் வருவினம்?”

அதன் பிறகு ஆராதனையில் அவர் இடப்பக்கச் சுவரோரம் இருக்கத் தொடங்கியதைச் சபையாராகிய நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஏன் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பாடுவதை அவர் நிறுத்தவில்லை.

கடந்த ஆண்டு அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பலவீனம் என்று அவரே சொன்னார். தேவையான மருந்து சில மாதங்கள் கிடைத்தது, சில மாதங்கள் கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போகும்படி தம்பிமார் எழுதினார்கள். சண்டை நடக்கும் பாதையைக் கடக்கும் தெம்பு இருந்தபோது அவர் போக நினைக்கவில்லை. நினைத்தபோது தெம்பு இல்லை.

அடக்க ஆராதனைக்குச் சரோஜாவும் யோகநாதனும் தர்சினியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தர்சினி இப்போது பாடசாலையில் எழுதப் படிக்கிறாள். சபைக் கோயிலுக்குள் பாட்டுத் தொடங்கியதும் எல்லாரும் எழுந்து நின்றோம். அவள் தாயின் தோளைத் தொட்டு, கைகளால் ஏதோ கேட்டாள். சரோஜா கைகளாலேயே பதில் சொன்னார். பிள்ளை வரிசையை விட்டு நடந்து போய், ஓகன் வாத்தியத்தின் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்றாள். வாசித்துக்கொண்டிருந்தவர் அவளை விலக்கவில்லை.

“என்ன கேட்டவள்?” என்று, அடக்கம் முடிந்து சேமக்காலையில் நின்றபோது சரோஜாவிடம் விசாரித்தேன்.

“எல்லாரும் ஏன் வாயைத் திறக்கினம் எண்டு கேட்டாள். டொக்டருக்காண்டிப் பாடினம் எண்டன். அப்ப தானும் போகோணும் எண்டாள்.”

பெட்டிகளை என்ன செய்வதென்று இன்னும் யோசிக்கவில்லை. பற்றரி இனி மின்னேற்றத்தைப் பிடிக்காது. அளவைகளின் பிரதி ஒன்று மருத்துவ மாணவர்களிடம் இருக்கிறது; அது அவர்களுக்குப் பயன்படும். நான் வைத்திருப்பது வேறொன்று.

மூச்சு வாங்கத் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு சனிக்கிழமை பின்னேரம், வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. மின்னேற்றிய பற்றரி வீணாகக் கூடாது என்று டொக்டர் தாமே கதிரையில் இருந்து வலது காதில் குழாயை வைத்துக்கொண்டார். எண்களைக் குறித்து முடித்த பிறகும் நான் தொனிகளை நிறுத்தவில்லை. இயர்போனைப் போட்டு, மூன்றாவது தொனியை மட்டும் கேட்டேன். சன்னமான, நேரான, சற்றும் நடுங்காத ஒலி. அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தன் காது விடும் அந்த ஒலியை அவர் அறியமாட்டார்.

“இருக்கோ?” என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

“ஓம், இருக்கு,” என்றேன்.

அவரது குரலை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். வகுப்பில் கேட்டவர்கள் இருக்கிறீர்கள், கோயிலில் கேட்டவர்கள் இருக்கிறீர்கள். அவரது காதின் ஒலியைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அதன் சுருதி எனக்குத் தெரியும். ஆய்வுகூடத்தில் இசைக்கவர்களை எடுத்து அதற்குக் கிட்டிய சுருதியில் தட்டிக் காட்டவும் என்னால் முடியும். இதுவரை நான் தட்டிப் பார்க்கவில்லை.